கல்லுமேடு வரை நீண்ட கயிறு

வேம்புவின் தாலிக்கயிறு வளரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காட்டுத்துறையில் சந்தை நாள் என்பதால் அதை நின்று பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை.

காலையில் அவள் பாயிலிருந்து எழுந்தபோது, பிடரியில் மூன்றாவது முடிச்சுக்கு அப்பால் விரற்கடை நீளமே மிஞ்சியிருந்த நுனி பின்னலுக்கு அடியில் நுழைந்து, தலையணையைத் தாண்டி, பாயின் ஓரமாக ஊர்ந்து, பக்கத்தில் படுத்திருந்த புருஷன் குணசீலனின் மூடிய வலது கைக்குள் போய் முடிந்திருந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கையை விரிக்கச் சொன்னாள்.

"விரிச்சா வலிக்கும் வேம்பு. உள்ளங்கையில வேர் விட்டிருக்கு போலருக்கு" என்றான் அவன். அதை ஒரு சங்கடமாகச் சொல்லவில்லை, மாமனார் வீட்டிலிருந்து சீர் வந்து இறங்கியதைப் போலச் சொன்னான். சரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வேம்பு குளித்து, புடவைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டி, தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவள் நடக்க நடக்கக் கயிறும் பின்னாலேயே நீண்டுகொண்டு வந்தது.

காட்டுத்துறையிலிருந்து காவிரிக் கரையோடு கல்லுமேடு வரைக்கும் போய்த் திரும்பும் செல்லாண்டியம்மன் பஸ்ஸுக்கு வேம்புதான் கண்டக்டர். அவளுடைய அப்பா அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு முட்டி போனபிறகு முதலாளி வேறு ஆளைத் தேடிப் பார்த்து, படியில் தொங்குகிறவர்களை அதட்டி உள்ளே தள்ளும் குரல் வேறு யாருக்கும் வாய்க்காததால் இவளையே போட்டார். குணசீலனுக்குக் காட்டுத்துறைக் கடைவீதியில் மாவு மில். மில்லை வேலையாளிடம் விட்டுவிட்டு, கண்டக்டருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து, "கல்லுமேடு ஒண்ணு" என்று நித்தம் டிக்கெட் எடுத்தவன் அவன். கல்லுமேட்டில் அவனுக்கு அக்கா பரிமளம் பணியாரக் கடை வைத்திருந்தாள். தம்பிக்குத் திடீரென்று தன்மேல் இவ்வளவு பாசம் பொங்குவது எதனால் என்று அவள் யோசித்துப் பார்த்து, ஒருநாள் பணியாரத் தட்டோடு பஸ்ஸில் ஏறி வேம்புவை மேலும் கீழும் பார்த்து, மறுவாரமே பெண் கேட்டுப் போனாள். கல்யாணத்தை முடித்து வைத்ததே அவள்தான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மண்டபத்தில் அந்த அவமானம் நடந்தது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, அடுத்த இரண்டும் அவனுடன் பிறந்தவள் போடுவது, அதுதான் வழக்கம். வாழ வருகிறவளுக்குப் புருஷனைத் தவிர இன்னொருத்தியும் பொறுப்பு என்று சொல்வதற்குத்தான் நாத்தனார் முடிச்சு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பது பரிமளத்தின் கட்சி. அவள் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு வேம்புவின் பின்னால் குனிந்தபோது, குணசீலன் அவள் கையைத் தட்டிவிட்டு, "நானே போட்டுக்குறேன்" என்று மூன்றையும் தானே போட்டு இறுக்கினான். மேளச் சத்தத்தில் ஊரே சிரித்தது, மாப்பிள்ளைக்கு எவ்வளவு அவசரம் பார் என்று. பரிமளம் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போனவள்தான். அதற்குப் பிறகு வேம்புவிடம் டிக்கெட் வாங்குவாளே தவிர, தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கல்யாணம் ஆனதும் குணசீலனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து தான் என்னென்னவெல்லாம் நினைத்தோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அதில் உட்காருகிற ஒவ்வொருவனும் அதையேதான் நினைப்பான் என்று அவனுக்குத் தோன்றியது. வேலையை விடச் சொன்னான். மாட்டேன் என்றாள். ஆடிப்பெருக்கு வந்தால் ஆற்றங்கரையில் ஊர்ப் பெண்களெல்லாம் பழைய கயிற்றைக் கழற்றி ஆற்றில் விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொள்வார்கள், வேம்புவை மட்டும், "நான் கட்டினதைத் தூக்கித் தண்ணியில போடுவியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தடுத்துவிட்டான். மற்ற கழுத்துகளிலெல்லாம் வருஷத்துக்கு ஒரு கயிறு மாறியது, வேம்புவின் கழுத்தில் மட்டும் மண்டபத்தில் ஏறிய அதே கயிறு கிடந்து பழசானது. பழசாகிப் பழசாகி, ஒரு செவ்வாய்க்கிழமை அது வளரத் தொடங்கியது.

பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த வழியாகக் கயிறு வெளியே போக வசதி செய்தார் டிரைவர் இருதயராஜ். "ஒரு பூச்சி கூட உள்ள வராதுன்னு பார்த்துப் பார்த்துப் போட்ட கண்ணாடி" என்று அவருக்கு அதில் மட்டும்தான் வருத்தம். பஸ் போகப் போகக் கயிறு கடைவீதியைக் கடந்து, புங்கமர ஸ்டாப்பைக் கடந்து, சர்க்கரை ஆலையின் மதிலை உரசிக்கொண்டு, இரட்டைப் பனையைச் சுற்றிக்கொண்டு கல்லுமேடு வரை நீண்டது; பஸ் திரும்பி வரும்போது சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மாதத்துக்குள் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. எதிரில் வரும் லாரிக்காரர்கள் கவைக்கோல் வைத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்து போனார்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகளின் கால்சட்டைகளை அதில் காயப்போட்டார்கள். பஸ் திரும்பும்போது கால்சட்டைகள் கூடவே ஊர்ந்து காட்டுத்துறைக்கு வந்துவிட்டால், வேம்பு அவற்றை மடித்து அடுத்த நடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெள்ளாடுகள் மஞ்சள் வாசனைக்காக அதை மென்றுவிட்டு மஞ்சள் வாயோடு திரிந்தன. வெயிலில் நிறம் மங்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஊர்ப் பெண்களும் தங்கள் ஊரில் ஓடும் பகுதிக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். புதுசாகக் கல்யாணமான பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கட்டினா இந்த மாதிரி உசுரா இருக்கறவனைக் கட்டணும்" என்று பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வேம்புவின் பிடரியில் கயிறு அறுத்து அறுத்துப் பொருக்குத் தட்டியிருந்ததை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கிளையைக் கண்டாலே அரிவாளைத் தூக்கும் மின்வாரிய ஆட்கள்கூட இதன் பக்கம் வரவில்லை, தாலிக்கயிற்றில் கத்தி வைக்கும் பாவத்தை யார் ஏற்பது?

கயிற்றுக்கு ஒரு பாஷையும் உண்டாகியிருந்தது. குணசீலன் ஒருமுறை சுண்டினால் 'எங்கே இருக்கிறாய்', இரண்டுமுறை சுண்டினால் 'யாரோடு பேசுகிறாய்'. வேம்பு பதிலுக்குச் சுண்டியாக வேண்டும். சுண்டும்வரை டிக்கெட் கிழிக்க முடியாது, கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவள் சிரித்தால் அந்தச் சிரிப்பு கயிற்றின் வழியாகப் போய் அவன் உள்ளங்கையில் நமைச்சலாக ஏறியது. அதனால் அவள் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். சிரிக்காத கண்டக்டரும் ஊருக்குப் பழகிவிட்டாள்.

இப்படியே இருந்திருக்கும், ஒரு கோழி குறுக்கே வராமல் போயிருந்தால். இரட்டைப் பனையில் ஏறிய கோழி வியாபாரி ஒருவனின் கூடை திறந்துகொண்டது, ஒரு பெட்டைக்கோழி பறந்துபோய் ஓடுகிற பஸ்ஸில் இருதயராஜின் மடியில் உட்கார்ந்து, அவர் ஸ்டியரிங்கை விட முடியாமல் "யேசுவே, யேசுவே" என்று அலற அலற, அங்கேயே ஒரு முட்டையை இட்டுவிட்டு இறங்கியது. பஸ்ஸே சிரித்தது. வேம்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லுமேடு வரும்வரை சிரித்தாள். காட்டுத்துறையில் குணசீலன் உள்ளங்கையை மாவு மூட்டையில் தேய்த்தான், தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டான், சுவரில் உரசினான், நமைச்சல் அடங்கவில்லை. அவள் எதற்குச் சிரித்தாள் என்று அவன் கேட்கவே இல்லை. தான் பக்கத்தில் இல்லாமல் அவளால் இவ்வளவு சிரிக்க முடிகிறது என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அன்று அவள் வீடு திரும்பியபின், அவிழாத அந்தக் கயிற்றை மில்லின் பெரிய சக்கரத்தில் போட்டுச் சுற்ற ஆரம்பித்தான்.

மறுநாள் கல்லுமேட்டு எல்லையில் வேம்புவின் கழுத்து வெடுக்கென்று பின்னால் போயிற்று. அதற்குமேல் கயிறு நீளவில்லை. கண்டக்டர் இல்லாமல் பஸ் போகாது, அதனால் செல்லாண்டியம்மன் அங்கேயே திரும்பியது. அடுத்தடுத்து இரட்டைப் பனை போயிற்று, சர்க்கரை ஆலை போயிற்று, புங்கமர ஸ்டாப் போயிற்று. சக்கரத்தில் கயிறு யானை வயிறாகப் பருத்தது.

பஸ் வராமல் நின்றுபோன ஊர்க்காரர்களெல்லாம் சேர்ந்து நியாயம் கேட்க வந்தார்கள், வேம்புவிடம்தான்.

"ஏம்மா, உன் சண்டையில எங்க புள்ளைங்க ஸ்கூலுக்கு நடக்கணுமா?" என்றார் ஆலைக் குடியிருப்புக்காரர்.

"நான் எங்கங்க சண்டை போட்டேன்? இழுக்கிறவரைப் போய்க் கேளுங்க."

"கேட்டோம்மா. டீ வாங்கிக் குடுத்தார். ஆசையிலதானே பண்றேங்கிறார், தப்பாத் தெரியல. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போனா பஸ்ஸு வரும்."

"பஸ்ஸு அனுசரிச்சா வரும்? டீசல் ஊத்தி ஓட்டினாத்தான் வரும்" என்றாள் வேம்பு. வாயாடி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். முதலாளியும் கூப்பிட்டு, ஆடிப்பெருக்கு அன்று கல்லுமேட்டிலிருந்து காட்டுத்துறைக்கு ஜனம் வந்தாக வேண்டும், அன்றைக்கும் பஸ் போகாவிட்டால் அதன்பின் வேறு கண்டக்டர்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வேம்பு நேராகக் கேட்டாள்: "கயித்தை விடுங்க."

"விட்டா நீ போயிடுவே" என்றான் குணசீலன். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"போறதுக்குத்தானே பஸ்ஸு. திரும்பி வர்றதும் அதே பஸ்ஸுதான்."

"வராமப் போயிட்டா?"

"இத்தனை வருஷமும் கயிறு இழுத்துத்தான் வந்தேன்னு நினைச்சீங்களா? கயிறு வளர்றதுக்கு முந்தியும் சாயங்காலம் வீட்டுக்குத்தானே வந்தேன்."

குணசீலன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கோபத்தில் மில்லுக்குப் போய் இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினான். அதன்பின் வேம்புவால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போக முடியவில்லை, ஆற்றுப் படித்துறை வரைதான் எட்டியது.

ஆடிப்பெருக்கு வந்தது. புதுத்தண்ணீர் படிகளை மூழ்கடித்துக்கொண்டு ஓடியது. பெண்கள் வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி வைத்து, சித்திரான்னம் படைத்து, ஒருத்திக்கு ஒருத்தி புதுக்கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுசு கழுத்தில் ஏறியபின்தான் பழசைக் கழற்ற வேண்டும், ஒரு நொடியும் கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது. அதில் எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். குணசீலன் மூடிய கையோடு மேல்படியில் காவல் நின்றான். வேம்பு கீழ்ப்படியில் தண்ணீரில் கால் நனைத்தபடி நின்றாள்.

அப்போது கயிறு உரசி உரசி ரோட்டில் விழுந்திருந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லுமேட்டிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள் பரிமளம். கால் வீங்கியிருந்தது. ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"தம்பி, என் ரெண்டு முடிச்சை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள்.

"என்னக்கா, அந்தப் பழைய கதையை இப்போ..."

"பழைய கதைதான். பஸ்ஸு வந்துட்டிருந்தவரைக்கும் நானும் வாயைத் திறக்கல, அது என் தப்பு. பத்துப் பேரு பார்க்க என் கையைத் தட்டிவிட்டே. ரெண்டாவதும் மூணாவதும் நாத்தனார் முடிச்சு, என்னுது. என்னுதை நான் அவிழ்த்து எடுத்துக்குறேன். உன்னுதை நீ வச்சுக்க."

படித்துறையில் பெரிய விவாதம் கிளம்பியது. தாலியை அவிழ்ப்பதாவது என்று ஒரு பக்கம். ஆனால் நாத்தனார் முடிச்சு நாத்தனாருடையதுதானே, அதை இல்லையென்று எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம். காட்டுத்துறைக்காரர்கள் எதை விட்டாலும் வழக்கத்தை விடமாட்டார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பரிமளம் படியிறங்கி, வேம்புவின் பின்னால் போய் நின்றாள்.

"வேம்பு, உனக்குச் சம்மதமாடி?"

கயிறு வளர்ந்த நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. வேம்பு பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"அவிழுங்க அண்ணி."

மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது, பொருக்கோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், எச்சில் தொட்டு நனைத்துப் பல்லால் கடித்து இழுத்ததும் அவிழ்ந்தது. பரிமளம் கையை எடுத்துவிட்டாள். "என் வேலை முடிஞ்சுது."

"முதல் முடிச்சு நான் போட்டது!" என்று மேலிருந்து கத்தினான் குணசீலன். "அதை யாரும் தொடக்கூடாது!"

"முடிச்சு நீங்க போட்டது" என்றாள் வேம்பு, திரும்பிப் பார்க்காமல். "கழுத்து என்னுது."

நித்தம் பின்னலை முடிந்து அவிழ்க்கும் கைகள். பார்க்காமலே பிடரிக்குப் பின்னால் போய் அந்த முடிச்சைப் பிரித்தன. கயிறு கழன்று கையில் வந்தது. ஐயோ என்று அலறிக்கொண்டு பாதிப் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் விரலிடுக்கில் பார்த்தார்கள். வானம் இடியவில்லை. வேம்புவின் வெறுங்கழுத்தில் காவிரிக் காற்று பட்டது, அவ்வளவுதான். அந்தச் சுகத்தில் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பொட்டுத்தாலியை உருவி எடுத்துக்கொண்டு, பழைய கயிற்றை எல்லாரும் விடுவதுபோலவே ஆற்றில் விட்டாள். ஆறு அதைக் கவ்விக்கொண்டு இழுத்தது. கடைவீதியில் மில் சக்கரம் கடகடவென்று தானாகச் சுழலும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. சுற்றி வைத்த கயிறெல்லாம் தெருவழியே பாய்ந்து, கோலங்களைக் கலைத்து, ஊர்க்காரர்களின் கால்களுக்கு இடையே ஓடி, படிகளில் இறங்கி ஆற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை ஊர்ப் பெண்கள் அத்தனை வெள்ளிக்கிழமைகளில் பூசிய மஞ்சளெல்லாம் கரைந்து காவிரி மஞ்சளாக ஓடியது. கடைசியில் கயிறு குணசீலனின் கைக்கு வந்து விறைத்தது; அவனைப் படிகளில் தரதரவென்று இறக்கி, முழங்காலளவு, இடுப்பளவு என்று தண்ணீருக்குள் கொண்டுபோயிற்று.

"கையை விரிங்க!" என்று கத்தினாள் வேம்பு.

"வேரு... வலிக்கும் வேம்பு!"

"ஒரு தடவையாவது விரிச்சுப் பார்த்தீங்களா? விரிங்க முதல்ல!"

தண்ணீர் மார்பைத் தொட்டபோது அவன் விரித்தான். கயிறு போய்விட்டது. உள்ளங்கையில் வேரும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை நாளாக அழுத்திப் பிடித்ததில் அவனுடைய சொந்த நகங்கள் பதிந்த காயம் மட்டும் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பரிமளம் புதுக்கயிற்றை நீட்டினாள். "இனி நீ பார்த்து, உன் இஷ்டம்."

வேம்பு அதை வாங்கி, பையிலிருந்த விசிலை எடுத்து அதில் கோத்து, கழுத்தில் போட்டு மூன்று முடிச்சையும் தானே போட்டுக்கொண்டாள். பிறகு தண்ணீரில் இறங்கிப் போய், பொட்டுத்தாலியைக் குணசீலனின் நனைந்த சட்டைப்பையில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிருங்க. எனக்கு வேணும்னு தோணுறப்ப நானே வந்து கேக்குறேன். முடிச்சு யாரு போடுறதுங்கிறதை அப்ப பேசிக்கலாம்."

பஸ் ஸ்டாண்டில் இருதயராஜ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். வேம்பு ஈரப்புடவையோடு படியேறி, "கல்லுமேடு, கல்லுமேடு, கல்லுமேடேய்" என்று கூவிக்கொண்டே போனாள். கண்ணைப் பொத்தியவர்கள், பொத்தாதவர்கள் எல்லாரும் ஏறினார்கள். என்ன இருந்தாலும் கல்லுமேட்டுக்கு இன்றைக்குத்தானே பஸ் போகிறது. பரிமளத்துக்கு மூன்றாவது சீட்டு. பெண்களில் சிலர் ஏறும்போது, ஒருவரும் பார்க்காதபடி தங்கள் பிடரிக்குப் பின்னால் கைவிட்டு நுனியின் நீளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ் படித்துறை முக்கைத் திரும்பும்போது, ரோட்டோரம் சொட்டச் சொட்டக் குணசீலன் நின்றான். வலது கையைத் தூக்கிக் காட்டினான். இருதயராஜ் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் வேம்புவைப் பார்த்தார். பஸ்ஸே அவளைப் பார்த்தது. ஒரு விசில் ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் போகும்.

வேம்பு அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். அவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. விரித்த கை விரித்தபடியே இருந்தது, அதைக் காட்டத்தான் வந்திருந்தான். சாயங்கால நடையில் இதே முக்கில் யார் கை காட்டினாலும் நிறுத்துவாள், அது அவள் வேலை. இப்போது அவள் விசிலை எடுத்து, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, இரண்டுமுறை ஊதினாள்.

"போலாம், ரைட்!"